எண்ணிக் காக்கும் தொண்டர்

'எண்ணுதல்' என்னும் தமிழ்ச்சொல் இரு பொருள் தரும். ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதல் ஒரு பொருள்; ஒன்றைக் குறித்து உள்ளத்தில் ஆழ்ந்து நினைத்தல் மற்றொரு பொருள். இவ்விரு பொருளையும் ஒருங்கே தம் செயலிற் கொண்டு தொண்டு புரிவோர் சிலர் நம் நாட்டு ஊர்களில் உளர். அவர்கள் வைகறைப் பொழுதில் ஏரிக்கரையில் நின்று பறவைகளை எண்ணுவர். எண்ணும்போதே அப்பறவைகளின் வாழ்வையும், அவற்றைத் தாங்கும் நீர்நிலைகளின் நிலையையும் எண்ணுவர். தாம் கண்டதைப் பிறர்க்கும் காட்டுவர். இதற்கென அவர்கள் பெறும் ஊதியம் யாதும் இல்லை. அவர்தம் தொண்டு எத்தகையது, அதனால் நாட்டிற்கு விளையும் நன்மை யாது என்பதை அறிதல் நலம்.

தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது பேராவூரணி. காவிரியாறு பாய்ந்து வளம் செய்யும் சோழவளநாட்டின் கடைமடை அது. மேட்டூர் அணை எழுந்த காலத்தில், 1934ஆம் ஆண்டில், கல்லணைக் கால்வாய் நீர் பாய்ச்சத் தொடங்கியது. மக்கள் அதனைப் 'புது ஆறு' என வழங்குவர். அக்கால்வாய் நீர் தலைமடை வயல்களை நனைத்து, நெடுந்தொலைவு கடந்து, இறுதியிலேதான் பேராவூரணிப் பகுதியை வந்தடையும். ஆதலின் அங்குள்ள உழவர், ஆற்று நீரை மட்டும் நம்பியிராமல், மழைநீரைத் தேக்கும் ஏரிகளையும் குளங்களையும் கண்ணெனப் போற்ற வேண்டியவராயினர். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் அந்நிலத்திற்கு அழகு செய்வன. தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பாக் விரிகுடாவின் அலையற்ற கடல் தோன்றும்.

வடகிழக்குப் பருவமழை பொழிந்து நீர்நிலைகள் நிறையும் காலத்தில் இந்நாட்டின் காட்சியே மாறிவிடும். உழுத சேற்றில் உண்ணிக்கொக்குகள் வெண்மலர் தூவினாற்போல் பரந்து நிற்கும். வாய்க்கால் ஓரத்தில் மண்ணின் நிறத்தோடு நிறமாய் ஒடுங்கியிருக்கும் மடையான், திடீரென எழுந்து வெண்சிறகு விரித்துப் பறக்கும். நத்தைகுத்தி நாரை வயல் நீரில் நத்தைகளைத் தேடித் தின்னும். அதன் இரு அலகுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியே அதனை இனங்காட்டும் அடையாளம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் ஏரி நீரில் நீந்தும். இலைக்கோழி தன் நீண்ட விரல்களை மிதக்கும் இலைகளின்மேல் ஊன்றி நடக்கும். இவை போதாவென்று, வட ஆசிய நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உள்ளான்களும் கடுங்குளிருக்கு அஞ்சிப் பன்னூறு காதம் பறந்து வந்து சேரும். கடவுச்சீட்டும் வழிகாட்டியும் இல்லாத இவ்விருந்தினர், சென்ற ஆண்டு தங்கிய ஏரியையே மீண்டும் நாடி வருதலும் உண்டு. அவ்வேரி அங்கே இல்லையாயின், அவை எங்கே செல்லும்?

பறவைகளைக் கூர்ந்து நோக்குதல் தமிழர்க்குப் புதியதன்று. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் புள்ளினத்தையும் சேர்த்தனர். ஒரு நிலத்தின் இயல்பை அறிய வேண்டுமாயின் அங்கு வாழும் பறவையையும் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. வறுமையுற்ற சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்துப் பாடிய பாட்டில், அப்பறவை தன் துணையோடு தென்றிசை சென்று பின்னர் வடதிசைக்கு மீளும் செய்தி இடம்பெறுகின்றது. குளிரால் வாடிய நிலையிலும் அப்புலவர் பறவையின் வலசையை மறந்திலர். இலக்கியத்திற்கு அழகாய் அமைந்த இந்நோக்கு, ஊர் மக்கள் வாழ்க்கையிற் காவலாகவும் அமைந்திருந்தது.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் அதற்குச் சான்று. அங்குள்ள ஏரியில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்லுரமாதலை ஊரார் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அப்பறவைகளைப் பிறர் சுடலாகாது என ஆட்சியரிடம் முறையிட்டு உரிமை ஆவணமும் பெற்றனர். அரசு அவ்விடத்தைப் பறவைகளின் காப்பிடமாக ஏற்றது 1936ஆம் ஆண்டில்தான். சட்டம் வருமுன்னரே ஊரார் காவல் புரிந்தனர் என்பது இதனாற் புலனாகும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் 1977ஆம் ஆண்டில் சரணாலயம் அமைந்தது. அதனை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சுமே என்று தம் பிள்ளைகளின் களிப்பையும் அடக்கிக்கொள்ளும் பெருந்தன்மை போற்றத்தக்கது.

எனினும், அன்பு மட்டும் காவலுக்குப் போதுமா? ஓர் ஏரிக்குச் சென்ற ஆண்டு வந்த நாரைகள் எத்தனை, இவ்வாண்டு வந்தவை எத்தனை என்பது தெரியாவிடின், அவை குறைந்தனவா பெருகினவா என்று எவ்வாறு துணிவது? "முன்பெல்லாம் நிறைய வந்தன" என்னும் முதியோர் சொல்லில் உண்மை இருக்கலாம். ஆயினும் அஃது அளவையாகாது. களஞ்சியத்தில் நெல்லை அளந்து வைக்கும் உழவன் போலப் பறவைகளையும் அளந்து குறித்து வைப்போர் தேவைப்பட்டனர்.

அவ்வழக்கம் அமெரிக்க நாட்டில் தோன்றிய வரலாறு சுவையுடையது. கிறித்துமசு நாளில் அணி அணியாகக் காட்டிற் புகுந்து, மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவோரே வென்றவர் எனக் கொள்ளும் வேட்டைப் போட்டி ஒன்று அங்கு நிலவியது. பிராங்க் சாப்மன் என்னும் பறவை நூலறிஞர் அதனைக் கண்டு வருந்தினார். வேட்டையை இகழ்ந்துரைப்பதோடு அவர் நின்றாரல்லர். அதனினும் இனிய வேறொரு செயலை மக்கள் கையிற் கொடுத்தார். "அந்நாளில் பறவைகளைச் சுடாது எண்ணுங்கள்" என்பதே அவர் கருத்து. 1900ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இருபத்தேழு பேர் இருபத்தைந்து இடங்களில் பறவைகளை எண்ணினர். சிறு குழுவாய்த் தொடங்கிய அப்பணி நூறாண்டு கடந்தும் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. துப்பாக்கி ஏந்திய கை எழுதுகோல் ஏந்தியது; அதுவே அம்மாற்றத்தின் சிறப்பு.

இந்திய நாட்டில் 1883ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தோன்றியது. அக்கழகத்தோடு வாழ்நாளெல்லாம் ஒன்றியிருந்தவர் சாலிம் அலி. அவர் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பறவை நோக்கர் பலர்க்கு அரிச்சுவடி ஆயிற்று. அக்கழகத்தார் சோழநாட்டுக் கோடிக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்தனர். சென்னையில் 1978ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று உருவாயிற்று. பின்னர் 2015ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் பொங்கல் திருநாளை ஒட்டிப் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். இப்பணியில் எவரும் சேரலாம். வீட்டுத் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் தொகையையும் குறித்து, ஈபேர்டு என்னும் இணையப் பதிவேட்டில் சேர்த்தல் வேண்டும். உழவர் திருநாளன்று கதிரவனுக்கும் மாட்டிற்கும் நன்றி கூறும் தமிழர், வயலிற் பூச்சி தின்று உதவும் பறவைகளையும் அந்நாட்களில் நினைப்பது மிகவும் பொருத்தமன்றோ?

பேராவூரணியை ஒத்த ஓர் ஊரின் ஏரிக்கரையில், தைத் திங்கள் வைகறையில், இத்தகைய குழுவொன்று கூடுவதை மனக்கண்ணாற் காணலாம். தலைமை தாங்கும் தொண்டர் ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம். உழவராகவோ கடை வைத்திருப்பவராகவோ இருத்தலும் கூடும். பத்துப் பன்னிரண்டு சிறுவர் சிறுமியர் அவரைச் சூழ்ந்து நிற்பர். இருநோக்காடி ஒன்றோ இரண்டோதான் இருக்கும்; அது கைமாறிக் கைமாறிச் செல்லும். பனி மூடிய நீரில் ஏதோ ஒன்று அசையும். வானில் ஒரு பறவை வட்டமிடும். "ஐயா, அதோ கழுகு!" என்று ஒரு சிறுவன் கூவுவான். தொண்டர் அவனைத் திருத்த விரையார். "தம்பி, அதன் தலை என்ன நிறம்? வாலின் நுனி பிளந்திருக்கின்றதா, வளைந்து வட்டமாய் இருக்கின்றதா?" என்று வினவுவார். சிறுவன் மீண்டும் நோக்குவான். "தலை வெள்ளை, உடல் செம்மண் நிறம், வால் வட்டமாய் இருக்கின்றது" என்பான். "அப்படியாயின் அது செம்பருந்து. நீயே கண்டுகொண்டாய்" என்பார் தொண்டர். அவர் பறவையின் பெயரை முதலிலேயே கூறியிருந்தால் சிறுவன் ஒரு பெயரைக் கற்றிருப்பான்; வினவியமையால் நோக்கும் முறையைக் கற்றான்.

பெருங்கூட்டமாய் அமர்ந்திருக்கும் பறவைகளை எண்ணும் முறையையும் அவர் கற்பிப்பார். முதலிற் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் வேண்டும். அப்பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன எனக் கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். பின்பு அத்தகைய இடங்கள் எத்தனை உள்ளன எனக் கணக்கிட்டால், கூட்டத்தின் தொகை ஏறக்குறையத் தெரியவரும். கணக்குப் பாடத்தை வெறுத்த மாணவனும் ஏரிக்கரையில் அதனை விரும்பிக் கற்பான்.

இப்பணியில் தலையாய அறம் ஒன்று உண்டு. கண்டதைக் கண்டவாறே எழுதுதலே அவ்வறம். அரிய பறவையொன்றைக் கண்டதாகக் கூறின் பெயரும் புகழும் கிட்டும். தொலைவிற் பறந்த ஒன்றை அரியதென்று துணிந்து எழுத ஆசை தூண்டும். நல்ல தொண்டர் அவ்வாசைக்கு இடங்கொடார். ஐயம் இருப்பின் 'இன்னதென அறியக்கூடவில்லை' என்றே எழுதுவார். மாணவர் முன்னிலையில் "எனக்குத் தெரியவில்லை" என்று கூறவும் நாணார். பறவைகள் வாராத நாளையும் அவர் குறித்து வைப்பார். ஏரியின் வெறுமையை எழுதுவதில் யாது பயன் எனச் சிலர் நினைக்கலாம். நோயாளியின் உடல்வெப்பத்தை நாள்தோறும் குறிக்கும் செவிலி, வெப்பம் இல்லாத நாளையும் குறித்தால் அன்றோ நோயின் போக்கு மருத்துவர்க்குப் புலனாகும்? நிறைந்த நாளும் வெறுமையான நாளும் சேர்ந்ததே உண்மையான கணக்கு.

மற்றோர் அறம், காண வந்தோர் காணப்படும் உயிர்க்கு இடையூறாதல் ஆகாது என்பது. ஆள்காட்டி கூடு கட்டாது; வெறுந்தரையிலே முட்டையிடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கூழாங்கல்லையே ஒத்திருக்கும். கவனமின்றி வைக்கும் ஓரடி ஒரு குடும்பத்தையே அழித்துவிடும். படம் எடுக்கும் ஆவலால் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிடும். வெயிலிலே குஞ்சுகள் வாடும். காக்கை வந்து கவர்ந்து செல்லும். ஆதலின், கூடு இருக்கும் இடத்தைத் தொண்டர் ஊரறியச் சொல்லார். பிறர்க்குப் படமாகவும் அனுப்பார். தம் கண்ணின் இன்பத்தினும் பறவையின் வாழ்வே பெரிதெனக் கொள்வார்.

இத்தொண்டினால் தமிழ்மொழிக்கும் ஆக்கம் உண்டு. நீர்நிலைப் பறவைகளுக்கு ஊர் மக்கள் இட்ட பெயர்கள் பொருள் செறிந்தவை. அலகு கதிர் அறுக்கும் கருவியைப்போல் வளைந்திருத்தலின் அரிவாள் மூக்கன். கரண்டியைப்போல் விரிந்திருத்தலின் கரண்டிவாயன். கழுத்தை மட்டும் நீருக்குமேல் நீட்டிப் பாம்புபோல் நீந்துதலின் பாம்புத்தாரா. ஆட்கள் வருவதைக் கூவி அறிவித்தலின் ஆள்காட்டி. நோக்கி அறிந்தோர் அன்றிப் பிறர் இத்தகைய பெயர்களை இட்டிருக்க இயலாது. முனைவர் க. ரத்னம் இத்தகைய பெயர்களைத் திரட்டித் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலை ஆக்கினார். உழவரிடமும் மீனவரிடமும் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் தொண்டர், அவ்வகையில் மொழிக்கும் காவலராகின்றார்.

ஊரில் எல்லோரும் பறவைகளை ஒரே கண்ணால் நோக்குவதில்லை. நீலத்தாழைக்கோழி இளநெற்பயிரைச் சிதைக்கின்றது என்று உழவர் வருந்துவர். அவ்வருத்தம் பொய்யன்று. அதனைக் கேளாமல் "பறவையைக் காப்பாற்றுக" என்று மட்டும் கூறுபவர் சொல் ஊரில் எடுபடாது. கொக்கையும் மடையானையும் கண்ணி வைத்துப் பிடித்து விற்போரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். ஆயினும், அவருட் சிலர்க்கு அவ்விற்பனையே அன்றைய உணவுக்கு வழி. தொண்டர் அவரிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதோடு நின்றுவிட்டால், கண்ணி இடம் மாறுமேயன்றி ஒழியாது. பறவையின் வழியையும் பொழுதையும் கண்ணி வைப்போனைப்போல் நுணுக்கமாக அறிந்தோர் அரியர். அவ்வறிவை மதித்து அவரையே உடன் அழைத்துப் பறவை காட்டச் செய்தல் சிறந்த முறை. உழவர் குறையைச் செவிமடுத்தலும், கண்ணி வைப்போனை வழிகாட்டியாக்க முயல்தலும் எளிய செயல்கள் அல்ல. சில வேளை அம்முயற்சி தோற்பதும் உண்டு. தோற்றாலும் மறுவாரம் ஏரிக்கரைக்கு வருவதே தொண்டரின் இயல்பு.

இத்தகையோரின் தேவை பேராவூரணிப் பகுதிக்கு 2018ஆம் ஆண்டில் நன்கு புலப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன்னர்க் கசாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. பிள்ளையைப்போல் பேணி வளர்த்த தென்னைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. தென்னை ஒன்று காய்த்துப் பயன்தரப் பல்லாண்டு வேண்டுமே என்று உழவர் கலங்கினர். கோடிக்கரையில் மரங்கள் முறிந்தன. பறவைகளும் விலங்குகளும் மடிந்தன. மனிதரும் பறவையும் ஒரே புயலில் வீடிழந்தனர்.

துயரத்தினூடே ஒரு நற்செயல் முளைத்தது. வெளிநாட்டில் கணிப்பொறித் துறையிற் பணியாற்றி வந்த பேராவூரணிப் பகுதி இளைஞர் நிமல் ராகவன், தம் ஊர் மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, இளைஞர்களையும் உழவர்களையும் ஒன்று திரட்டினார். 'கைஃபா' எனச் சுருக்கமாக வழங்கும் கடைமடை உழவர் சங்கம் உருவாயிற்று. ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய பேராவூரணிப் பெரியகுளம் ஏரியை 2019ஆம் ஆண்டில் அவர்கள் தூர்வாரினர். பொதுமக்கள் ஈந்த பொருளே அப்பணிக்கு முதலாயிற்று. கரைகள் வலுப்பெற்றன, மரக்கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் வேறு பல ஊர்களின் நீர்நிலைகளையும் அச்சங்கத்தார் செப்பனிட்டனர்.

ஏரியில் நீர் நிறைந்துவிட்டால் பறவைகள் தாமே வந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். உண்மை அத்துணை எளிதன்று. சிற்றுள்ளான் விரற்கடை அளவான நீரிலும் ஈரச்சேற்றிலும் நடந்து இரை தேடும். கொக்கு காலளவு நீரில் நிற்கும். வாத்து மிதக்கும், நீர்க்காகமோ ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். எங்கும் ஒரே ஆழமாக வெட்டப்பட்ட ஏரியில் நீர்க்காகம் மகிழும். உள்ளானுக்கு நிற்க இடம் இராது. கரையோரம் சரிவாகவும் ஆழம் குறைந்தும் இருந்தால் பலவகைப் பறவைகளுக்கும் இடம் கிடைக்கும். ஏரிக்குள் மண்திட்டுகளும் அவற்றில் நாட்டு மரங்களும் இருந்தால் நாயும் நரியும் அணுகாத கூடுகள் அமையும். மதகு, மடை, நீரின் அளவு ஆகியவற்றை உழவர் அறிவர். எந்தத் திங்களில் எந்தப் பறவை எங்கு நின்றது என்பதைப் பறவை எண்ணுவோர் அறிவர். இவ்விருவர் அறிவும் ஒன்றுகூடும் இடத்திலேதான் வயலுக்கும் பறவைக்கும் பொதுவான ஏரி அமையும். ஆதலின், மண் வாரும் எந்திரம் ஏரியில் இறங்குமுன் பறவைக் கணக்கேடு திறக்கப்படுதல் வேண்டும்.

எண்ணுவோரின் பணி ஏரியோடு முடிவதன்று. மனோரா என்னும் பழங்கோபுரம் நிற்கும் அப்பகுதிக் கடலின் அடியில் கடற்புல் வெளிகள் உள்ளன. அப்புல்லை மேய்ந்து வாழ்வது கடற்பசு. மீனவர் அதனை ஆவுளியா என்பர். அக்கடற்கரையில் வெளிவயல் என்னும் சிற்றூரைக் களமாகக் கொண்ட ஓம்கார் என்னும் தொண்டு நிறுவனம், கடற்புல்லையும் கடற்பசுவையும் பற்றி மீனவர்க்கும் மாணவர்க்கும் கற்பித்து வருகின்றது. தம் வலையிற் சிக்கிய கடற்பசுவை, வலை கெடினும் கெடுக என்று அறுத்து விடுவித்த மீனவர் பலர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதற் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அறிவிப்பு அரசினுடையது, ஆனால் நள்ளிரவில் நடுக்கடலில் வலையை அறுக்கும் கை மீனவருடையது.

ஒருவர் ஓர் ஏரியில் எழுதும் சிறு குறிப்பு கடலிற் கலந்த துளிபோல் மறைந்துவிடும் என எண்ணற்க. 2023ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதற்கு அடிப்படையானவை ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர் அளித்த 3 கோடிக் குறிப்புகள். அவற்றைக் கொண்டு அறிவியலார் 942 பறவை இனங்களின் நிலையை ஆராய்ந்து, 178 இனங்களுக்குக் காப்பு மிகவும் தேவை எனக் காட்டினர். கூலி பெற்ற எந்தப் படையாலும் இத்தனை ஏரிகளில் இத்தனை வைகறைகள் விழித்திருத்தல் இயலாது. சோழநாட்டு வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான சிற்றேரிகளுக்கோ, அவற்றின் கரையில் வாழ்வோரே பட்டியலும் காவலும் ஆவர்.

இளைஞர்க்கு இத்தொண்டு எட்டாத ஒன்றன்று. விலைமிக்க கருவி இதற்கு வேண்டுவதில்லை. இரு கண்ணும், ஒரு சுவடியும், ஓர் எழுதுகோலும், வைகறையில் துயிலெழும் மனமும் போதும். பள்ளிக்குச் செல்லும் வழியில் உள்ள குளம் ஒன்றைத் தேர்ந்துகொள்க. வாரத்தில் ஒரு நாள், ஒரே பொழுதில், அங்குச் சென்று கால்மணி நேரம் அமைதியாக நிற்க. நாளையும் நேரத்தையும் முதலில் எழுதுக. நீர் எவ்வளவு உள்ளது, எப்பறவை வந்தது, எத்தனை வந்தன என்பவற்றை அதன்கீழ்க் குறிக்க. பெயர் தெரியாத பறவையின் அலகையும் காலையும் நிறத்தையும் எழுதிவைத்து, அறிந்தோரிடம் வினவுக. பறவை ஒன்றும் வாராவிடின் 'ஒன்றுமில்லை' என்று எழுதவும் மறவற்க. ஓராண்டு கழிந்தபின் அச்சுவடியில், அக்குளத்தைப் பற்றி உலகில் வேறெவரும் எழுதியிராத செய்தி இருக்கும். பிறிதொரு நாள், அக்குளத்தைத் தூர்க்கவோ ஆழ்த்தவோ ஊரார் கூடிப் பேசும்போது, "இங்கே இன்ன திங்களில் இத்தனை நாரைகள் வந்தன" என்று எழுந்து நின்று சொல்ல அவ்வூரில் ஒருவர் இருப்பார்.